வெள்ளையில் மயங்கிய முள்

“இந்த ஆடு கெட்டிக்காரி அக்கா,” என்றேன். “பொழுது சாயிற நேரத்துலயும் நிழலை வயித்துக்கு அடியிலயே பத்திரமா வெச்சிருக்கு. வெளியில விட்டா எவனாவது அதையும் தூக்கிட்டுப் போயிடுவான்னு பயம்போல.”

தாட்ஸி அக்கா வாயில் போட்ட சோளமாவுக் கெங்கியை மெல்லாமல் நிறுத்தினார். கையை நீட்டினார். விரலெல்லாம் மிளகாய்த் துவையல்.

“படத்தைக் குடு.”

“மொதல்ல கையத் துடைங்க.”

“குடுடா கொபினா.”

கொடுத்தேன். அக்கா படத்தை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தார். உள்ளே ரொட்டி அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நாட்டில் மாவு இல்லாமல் போனதிலிருந்து அது எரிவதில்லை. அக்கா முன்பு துறைமுகப் போலீஸில் இருந்தவர். அதனால் எங்கள் வின்னெபா ஊரில் எது காணாமல் போனாலும் ஆட்கள் இங்கே வருவார்கள். ரொட்டி விற்ற வாசலில் இப்போது அதுதான் வியாபாரம். நான் அவருக்கு மாவு மூட்டை தூக்கியவன். மூட்டை நின்றுபோனதால் அவருடைய சந்தேகங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கிறேன். கனம் ஒன்றும் குறையவில்லை.

“ஆட்டு நிழல் வயித்துக்கு அடியில விழுந்தா, சூரியன் எங்க இருக்கான்?” என்று கேட்டார்.

“உச்சந்தலைக்கு மேல.”

“அப்போ நேரம்?”

நான் கெங்கி சுற்றிய இலையை மடித்தேன். பதில் தெரியாமல் இல்லை. சொன்னால், நேற்று நாங்கள் செய்த காரியத்துக்கு என்ன பெயர் என்று அடுத்த கேள்வி வரும்.

நேற்று அந்தப் படத்தை அமிசா வீட்டு முற்றத்தில், பெரியவர்கள் எல்லோர் முன்னாலும் எடுத்து வைத்தது நாங்கள்தான்.

அந்த வீட்டில் அபா அம்மா இறந்து, சில நாளுக்கு முன் அடக்கமும் ஆகிவிட்டது. நிறைந்த வயதில் போனவர் என்பதால் ஒருவரும் கறுப்பு கட்டவில்லை. ஆட்களும் வெள்ளை, சுவர்களில் தொங்கவிட்ட துணியும் வெள்ளை. குடும்ப நகைப்பெட்டியைத் திறந்து பிணத்துக்குப் பொன் பூட்டிக் கிடத்தினார்கள். உச்சி வெயிலில் சவப்பெட்டியை மூடும் முன் நகைகளைக் கழற்றினார்கள். அடக்கம் முடித்துச் சாயங்காலம் திரும்பியதும் அபா அம்மாவின் தம்பி, நாங்கள் மரியாதையாக ‘நானா’ என்று கூப்பிடும் குடும்பத் தலைவர் அமிசா, எல்லோர் முன்னிலையிலும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் இருக்கு” என்றார். ஆனால் அன்று இரவு, பெட்டிச் சாவி வைத்திருக்கும் பெண் நகைகளை அதனதன் குழியில் அடுக்கியபோது ஒரு குழி காலி. கொண்டையில் செருகும் பொன்பறவை இல்லை.

ஆக, பெரியவர் எண்ணியதற்கும் இரவுக்கும் நடுவில் யாரோ எடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டைவிட்டு வெளியே போனது யார்? போட்டோக்காரர் எசெல் கொண்டுவந்த படங்களைக் கிளறி இந்த ஆட்டுப் படத்தைக் கண்டுபிடித்தவன் நான். மார்தட்டிக்கொண்டு அக்காவிடம் கொடுத்தேன். அந்தி மயங்கின மாதிரி இருட்டு. வெள்ளைத் துணி தொங்கும் சுவர். ஓரத்தில் கொல்லைக் கதவு. கதவருகே ஒரு ஆடு. கதவைத் தாண்டிப் போகிற ஒரு பெண்ணின் தலையில், துணி மூடிய பித்தளைச் சட்டி. முகம் கரித்துண்டு மாதிரி இருந்தாலும் சட்டியை வைத்து ஊருக்கே ஆள் தெரியும். பிணங்களைக் குளிப்பாட்டும் மென்சிமா.

“இது எப்போ எடுத்தது?” என்று அக்கா கேட்டார்.

“பொழுது சாயும்போது. அதான் இருட்டா இருக்கு,” என்றார் எசெல்.

மென்சிமா மறுத்தார். “நான் போனது உச்சி வெயில்ல. சவப்பெட்டி வாசல் வழியாப் போச்சு, நான் கொல்லை வழியாப் போனேன். அப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வரல.”

“பார்த்தவங்க யாரு?”

யாருமில்லை. இருக்கவும் முடியாது. பிணத்தைத் தேய்த்த நாரும் துணியும் சோப்புத் துண்டும் அந்தச் சட்டியில்தான் போகும். சவப்பெட்டி முன்வாசலைத் தாண்டும்போது சட்டி கொல்லை வழியாக வெளியேற வேண்டும். அது போய் முடிகிறவரை வீட்டிலுள்ள அத்தனை பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம். சுமக்கிறவள் வாய் திறக்கக் கூடாது, சட்டியில் இருப்பதைப் பிறகும் பேசக் கூடாது. பார்க்கக் கூடாது என்று வைத்தவர்களும் நாங்கள். பார்த்த சாட்சி எங்கே என்று கேட்டவர்களும் நாங்கள்.

இன்று வெயில் தாழ்ந்ததும் மணிக்காரன் சந்தை முக்கில் இரும்பு மணியைத் தட்டி, திருடி என்று மென்சிமாவின் பெயரைக் கூவுவான். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீடும் அவரைக் கூப்பிடாது. அவர் செத்தால் குளிப்பாட்டவும் ஒரு கை வராது.

அக்கா படத்தை இறக்கினார். கையிலிருந்த துவையல் படத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“இருட்டு படத்துல இருக்குடா. வானத்துல இல்ல,” என்றார். “செருப்பப் போடு.”

*

எசெலின் கடை நெற்றியில் ‘ஆண்டவர் பார்க்கிறார் ஸ்டூடியோ’ என்று எழுதியிருக்கும்.

“ஆண்டவர் பாக்குறது சரி,” என்றேன் உள்ளே நுழையும்போது. “எசெல் அண்ணன் என்னத்தப் பாக்குறார்?”

வழக்கமாக இதற்கு ஒரு திட்டாவது கிடைக்கும். இன்று அவர் மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டுகிற மனிதர். கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் கொண்டுவந்த கேமரா கழுத்தில் தொங்கியது. அதன் மண்டையில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், உள்ளே ஒரு முள். வெளிச்சம் எவ்வளவு என்று முள் சொல்லும். அதன்படி லென்ஸின் வாயைத் திறக்க வேண்டும், இல்லை சுருக்க வேண்டும். ஊரில் மற்ற போட்டோக்காரர்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். எசெலும் அப்படி இருந்தவர்தான். முள் வந்த பிறகு அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டார். பார்க்கிறவர்களைக் கேலியும் செய்தார்.

“கொபினாவை ஒரு படம் எடு எசெல்,” என்றார் அக்கா.

“எதுக்கு மேடம்?”

“இவன் மூஞ்சி நல்லா இருக்கும்போதே எடுத்து வெச்சுக்கணும்.”

“அந்தக் காலம் எப்பவோ முடிஞ்சுபோச்சு அக்கா,” என்று நான் வாசலில் வெயிலில் போய் நின்றேன். வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தேன். சோப்பு கிடைக்காத நாளில் எவ்வளவு வெள்ளையாக இருக்க முடியுமோ அவ்வளவு.

“மொதல்ல சட்டையை அள. முள் எங்க நிக்குது?”

“மேல.”

“இப்போ மூஞ்சிக்கிட்ட கொண்டுபோ.”

எசெல் கேமராவை என் மூக்குக்கு நேரே பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். முள் தொப்பென்று கீழே விழுந்து கிடந்தது.

“அதே வெயில், அதே ஆளு,” என்றேன். “என் சட்டைக்கு விடிஞ்சிருச்சு. எனக்குத்தான் இன்னும் விடியல.”

“சட்டையை நம்பி எடுத்தா என்ன ஆகும்?” அக்கா எசெலைத்தான் கேட்டார்.

“மூஞ்சி கறுத்துப்போகும்.” அவர் குரல் சட்டைக்குள்ளிருந்து வந்தது. “வெள்ளையைப் பார்த்து முள் மயங்கிரும். வெளிச்சம் கொட்டுதுன்னு நெனச்சு வாயைச் சுருக்கச் சொல்லும். துணியை அளக்கக் கூடாது மேடம், மூஞ்சியை அளக்கணும். கிட்டப் போக முடியலன்னா முள் சொல்றதுக்கு மேல ரெண்டு படி திறக்கணும். எல்லா போட்டோக்காரனுக்கும் தெரிஞ்சதுதான்.”

“எனக்கும் தெரியும். துறைமுகத்துல பிடிபட்டவங்களைப் படம் எடுத்தவ நான். தெரிஞ்சும் நேத்து நான் உன்னை ஒரு வார்த்தை கேக்கல.” அக்கா ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். “ஆனா வெறும் வெள்ளை மட்டும் உச்சி வெயிலை அந்தியாக்கிடாதே. கேமராவுக்கு அடியில ஒரு சின்ன மூடி இருக்குமே, அதைத் திற.”

“மேடம்…”

“திற எசெல்.”

ஒரு காசின் ஓரத்தை வைத்துத் திருகினார். பொத்தான் அளவு பேட்டரி ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை மடித்து அதைச் சுற்றியிருந்தது.

“இது கைக்கடிகாரத்துக்குப் போடறதில்ல?” என்றேன்.

எசெல் தலையை ஆட்டினார். “இதுக்குன்னு உள்ளது செத்துப்போச்சு. அக்ரா வரைக்கும் போய்க் கேட்டேன், அப்படி ஒண்ணு இருக்கிறதே அங்க யாருக்கும் தெரியல. கடிகாரத்துது போட்டுப் பார்த்தேன். லூசா இருந்துச்சு, தாளைச் சுத்தினேன். முள் எழும்பிச்சு. எழும்பிருச்சேன்னு சந்தோஷப்பட்டேன். இதுக்கு பவர் ஜாஸ்தி. வேணுங்கிறதுக்கு மேலயே எழும்புதுன்னு ரெண்டாவது பிலிம் சுருள் கழுவினப்பவே தெரிஞ்சுது. தெரிஞ்சும்…”

“தெரிஞ்சும் சாவு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனே.”

“முள்ளு இல்லாம எடுக்கறவங்களை அவ்வளவு கேலி பண்ணிட்டேனே மேடம். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மறுபடி வானத்தைப் பாக்கறது?”

அக்கா ஆட்டுப் படத்தை அவர் முன்னால் வைத்து, ஆட்டின் வயிற்றுக்கடியில் விரலை வைத்தார். விரலை எடுக்கவே இல்லை. எசெல் உடைந்துபோனார்.

“உச்சி வெயில்லதான். முள்ளைச் சோதிக்கலாம்னு அந்தச் சுவரைப் பார்த்து ஒண்ணு எடுத்தேன். முள்ளுமேலயே கண்ணு. எல்லாரும் திரும்பினதைக்கூட நான் கவனிக்கல. ஓரத்துல அந்தம்மா விழுந்திருக்கிறது கழுவின பிறகுதான் தெரிஞ்சுது. அந்த வீட்டுல படங்களைக் குடுக்கும்போது, ‘ஏன்யா இது இவ்வளவு இருட்டு?’ன்னு கேட்டாங்க. ‘பொழுது சாயும்போது எடுத்தது’ன்னு வாயில வந்துருச்சு. வெறும் சமாளிப்பு மேடம். அப்புறம் நீங்க வந்து அதையே கேட்டீங்க. எதுக்குக் கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியாது. சொன்னதையே சொல்லிட்டேன். தெரிஞ்சப்போ எல்லாரும் அந்தம்மாவைச் சுத்தி நின்னுட்டாங்க.”

“நீயும் அங்கதான நின்னே?”

“பின்னால நின்னேன்.”

எனக்கு ஒரு நக்கல் வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நானும் அங்கேதான் நின்றேன். முன்னால் நின்றேன்.

அக்கா எழுந்து கடைக்குள் இங்கும் அங்கும் நடந்தார். “சரி, மென்சிமா உச்சி வெயில்ல போனா, திரும்பி வரல. நானா எண்ணினதுக்கப்புறம் அந்த வீட்டுல ராத்திரி வரைக்கும் முழங்கை இடிக்கிற கூட்டம். யாரும் வெளிய போகல. அப்போ பறவை எப்படிப் போச்சு?”

“அந்த வீட்டைவிட்டு அன்னிக்குப் போய்த் திரும்பாதவங்க ரெண்டே பேர்தான் அக்கா,” என்றேன். “ஒண்ணு மென்சிமா. இன்னொண்ணு அபா அம்மா. அவங்களைப் பிடிச்சு மடியைச் சோதனை போடவா முடியும்?”

அக்கா நின்றுவிட்டார்.

“முடியும்,” என்றார். “எசெல், சவப்பெட்டியை மூடறதுக்கு முந்தி கடைசியா எடுத்த படம் எங்க? குடுத்த கட்டுல அது இல்லையே?”

எசெல் மேசைத் துணியை மறுபடியும் இழுத்தார். அதற்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, கவிழ்த்தபடியே நீட்டினார். “இது குடுக்கற மாதிரி இல்ல மேடம். அதுவரைக்கும் எடுத்ததுல இதுதான் ஆகக் கேவலம்.”

திருப்பிப் பார்த்தேன். சவப்பெட்டிக்குள் வெள்ளை சரிகைத் துணி நூல் நூலாகத் தெரிந்தது. அதன் நடுவே அபா அம்மாவின் தலை, ஊறிப்போன மரக்கட்டை மாதிரி. கொண்டையும் முகமும் ஒரே கறுப்பு.

“துணி நல்லா வந்திருக்கு,” என்றேன்.

“துணி தெரியணும்னு பிரிண்ட் போட்டேன். முகம் எப்படியும் வராதுன்னு விட்டுட்டேன்.”

“இப்போ துணி போனாப் போகட்டும்னு போடு,” என்றார் அக்கா.

கரண்ட் இல்லை. எசெலுக்கு அது புதிதும் இல்லை. இருட்டறைச் சுவரில் ஒரு ஓட்டை வைத்திருக்கிறார். வெளியே பிடித்த கண்ணாடியிலிருந்து வெயில் அதன் வழியாக நெகட்டிவ்மேல் விழும். கண்ணாடியைப் பிடிக்கிற வேலை எனக்கு. வெளியே வெயிலில் வெந்துகொண்டு நின்றேன். உள்ளே அவர் ஒரு அட்டையால் ஓட்டையைத் திறந்து, காகிதம் கறுத்துவிடாமல் போனமுறையைவிடச் சீக்கிரம் மூடினாராம். பிறகு என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். மருந்துத் தட்டில் காகிதம் மிதந்தது. சரிகைத் துணி வரவே இல்லை, வெறும் வெள்ளை. கறுப்புக் கட்டை மெல்ல மெல்ல ஒரு கிழவியின் முகமானது. சாம்பல் பூத்த, மங்கலான முகம். ஆனால் முகம்தான். பிறகு கொண்டை. கொண்டையின் பின்பக்கம், தலையணையில் அமுங்கிய இடத்தில், ஒரு சிறகின் நுனி.

எசெல் தட்டை மெல்ல அசைத்தார். தட்டில் தண்ணீர் ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“கழட்டினவங்க முன்னால உள்ளதெல்லாம் கழட்டிட்டாங்க,” என்றார் அக்கா. “பின்னால ஒண்ணு அமுங்கிக் கிடக்குது. மூடிட்டாங்க.”

“அக்கா, ஒரு நிமிஷம். சாயங்காலம் நானா அமிசா எண்ணும்போது பறவை இருந்துச்சே? ‘எல்லாம் இருக்கு’ன்னு அவரே சொன்னாரே?”

“ஆமா, சொன்னாரு.”

அக்கா ஈரப்படத்தைத் தூக்கிச் சொட்டவிட்டார். அவர் முகத்தில் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

“நீயும் கூட வா எசெல். கேமராவை எடுத்துக்கோ.”

*

அமிசா வீட்டு முற்றத்தில் ஆட்கள் கூடத் தொடங்கியிருந்தார்கள். சாவு வெள்ளை இன்னும் சுவரில் தொங்கியது. மணிக்காரன் இரும்பு மணியை மடியில் வைத்துக்கொண்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தான். சுவரோரம் தாழ்ந்த முக்காலியில் மென்சிமா. பக்கத்தில் பித்தளைச் சட்டி. அவரைச் சுற்றி மட்டும் கூட்டம் இல்லை.

அக்கா அந்தப் பக்கம் பார்க்காமல் நேரே உள்ளே போனார். நானும் பார்க்காமல்தான் போனேன்.

நானா அமிசா தனி அறையில் நாற்காலியில் இருந்தார். தோளில் வெள்ளைத் துணி, நிமிர்ந்த முதுகு.

“வா தாட்ஸி. காரியத்தை நல்லபடி முடிச்சுக் குடுத்தே.”

“ஒரு படம் கொண்டுவந்திருக்கேன் நானா. அபா அம்மாவோட கடைசிப் படம்.”

அக்கா படத்தைத் தலைகீழாகப் பிடித்து அவர் கையில் கொடுத்தார். நான் ‘அக்கா, அது…’ என்று வாயெடுப்பதற்குள் என் பாதத்தை மிதித்தார். கொஞ்சமான மிதி இல்லை.

பெரியவர் படத்தைக் கைநீளத்தில் வைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். கண் கலங்கியது.

“எவ்வளவு அழகா இருக்கா பாரு எங்க அக்கா. தூங்கறவ மாதிரி.”

அக்கா குனிந்து, அவர் விரல்களை விலக்காமலே, படத்தை மெதுவாகத் திருப்பி நேராக வைத்தார். காகிதம் கைக்குள் சுழல்வது பெரியவருக்குத் தெரிந்தது.

“எத்தனை நாளா நானா?” அக்கா கேட்ட குரலில் போலீஸ் இல்லை.

“மூடுபனி மாதிரி,” என்றார் பெரியவர். “ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா அடர்த்தி. வெளியில தெரிஞ்சா, கண்ணில்லாதவன் கையில குடும்பப் பெட்டியை வைப்பாங்களா? நகையைத் தடவிப் பார்த்தேன். கை நெறைய இருந்துச்சு. எல்லாரும் என் வாயையே பாக்குறாங்க, அது எனக்குத் தெரியும். ‘எல்லாம் இருக்கு’ன்னுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “இருந்திருக்கும்னுதான் நெனச்சேன்.”

“பறவை உங்க அக்கா கொண்டையிலேயே போயிருச்சு நானா. இந்தப் படத்துல இருக்கு. யாரும் திருடல.”

அவர் படத்தை மடியில் வைத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டார். சந்தைக்குப் போகிற வேளை வந்துவிட்டதா என்று கேட்பதுபோல, வெளியே மணிக்காரன் மணியை லேசாக ஒரு தட்டு தட்டினான். பெரியவரின் தோள் துள்ளியது.

“தாட்ஸி, படம் தப்புன்னு மட்டும் சொல்லிட முடியாதா?”

“படத்தைத் தப்பாப் படிச்சவ நான். அதை நான் சொல்றேன். இருட்டா எடுத்தவன் வாசல்ல நிக்கறான், அவன் அவனோடதைச் சொல்லுவான். எண்ணினது நீங்க.” அக்கா தரையைப் பார்த்தபடியே சொன்னார். “நாம மூணு பேரும் ஆளுக்கொண்ணை மறைச்சோம் நானா. மூணும் சேர்ந்து அவ தலையில ஏறியிருக்கு.”

நாலு பேர் என்று சொல்ல நினைத்தேன். அந்தப் படத்தைக் கண்டுபிடித்த கெட்டிக்காரன் நான்தானே.

பெரியவர் எழுந்தார். கையை நீட்டினார். பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவர் கேட்டதை அந்த ஊர் பார்த்ததில்லை. அக்கா பிடித்துக்கொண்டார். எல்லோரும் பார்க்க, அடி அடியாகத் தடவி வெளியே வந்தார்.

அக்கா முதலில் பேசினார். நீட்டவில்லை. ஆட்டு நிழலைச் சொன்னார், உச்சி வெயிலைச் சொன்னார், “நேத்து நான் சொன்னது பொய்யாப்போச்சு” என்றார். எசெல் பேட்டரியைக் கையில் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடி கேமராவுக்குள் போட்டார். என்ன சொன்னார் என்று பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. பிறகு நானா அமிசா.

“எனக்குக் கண்ணு தெரியல,” என்றார். “பறவை இல்ல, நான் இருக்குன்னு சொன்னேன். அது எங்க அக்காகூடப் பூமிக்குள்ள இருக்கு. அவகிட்டயே இருக்கட்டும். மணிக்காரா, போய்த் தட்டு. அமிசா வீட்டுல திருட்டே நடக்கல, எண்ணினவன் குருடன், மென்சிமா கை சுத்தம்னு தட்டு. ஒரு சந்து விடாதே.”

மணிக்காரன் கடலைத் தொலியை உதறிவிட்டு எழுந்தான். அவன் மணிச் சத்தம் சந்தைப் பக்கம் தேய்ந்து போனது.

மென்சிமா எழுந்தார். சட்டியை எடுத்தார். கொல்லைப் பக்கம் போகவில்லை. முற்றத்தின் நடுவில், முன்வாசலைப் பார்த்து நடந்தார். அவர் கிட்டே வர வர ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்றைக்குத் திருப்பியது வழக்கம். இன்றைக்கு அப்படி ஒரு வழக்கமும் இல்லை.

வாசலில் நின்று சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

“இப்போ உள்ள ஒண்ணும் இல்ல. பாக்கலாம்.”

யாரும் பார்க்கவில்லை. நான் என் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போட்டோக்காரரே, உங்களைத்தான். என்னை ஒண்ணு எடுங்க. வெளிச்சம் இருக்கும்போதே.”

இது நிஜமான சாயங்காலம். அவருடைய நிழல் வாசலிலிருந்து நீண்டு, கூட்டத்தின் கால்கள்வரை வந்து கிடந்தது. எசெல் இருந்த இடத்திலிருந்தே கேமராவைத் தூக்கினார். வாசல் முழுக்க வெள்ளைத் துணி. கேமராவை இறக்கினார். முகத்தை அளக்க வேண்டும். அதற்குக் கிட்டே போக வேண்டும்.

போனார். லென்ஸ் மென்சிமாவின் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் வரும்வரை போனார்.

“என்ன சொல்லுது உங்க முள்ளு?”

“ஆடுதும்மா.”

“முள்ளா ஆடுது?”

எசெல் அடிமூடியைத் திருகிப் பேட்டரியை எடுத்து வெள்ளித்தாளோடு சட்டைப் பையில் போட்டார். எல்லோர் முன்னாலும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பிறகு அந்த முகத்தைப் பார்த்தார். லென்ஸின் வாயை விரலால் திறந்தார், இன்னும் கொஞ்சம் திறந்தார்.

“கண்ணை மூடிடாதீங்கம்மா,” என்றார்.

“நான் எங்க மூடினேன்?” என்றார் மென்சிமா.